சுழி கேட்ட கேள்வி

"...ஒரே ஆள்தானே அண்ணை? வீட்டுப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டா ஒரு பக்கமும், பள்ளிக்கூடப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டா மற்றப் பக்கமும் திரும்பிப் பாக்கிற ஆளை நீங்கள் எங்கையாவது கண்டனீங்களோ?"

தங்கச்சி இதைக் கேட்டபோது அவளுடைய வலது கையில் சோறு காய்ந்துபோயிருந்தது. முன்னால் பாதி சாப்பிட்ட பார்சல். அவள் என்னைத் திட்டவில்லை. கோபம் முழுக்க என் மடிக்கணினியின் மேல்தான். அதற்குள் இருந்த ஒரு கருவி காலையிலிருந்து அவள் பார்த்த வேலை முழுவதையும் ஒரு மூச்சில் விழுங்கிவிட்டு, அடுத்த கட்டளைக்காகக் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது.

தங்கச்சி என்பது முறைக்குக் கூப்பிடுவது. நாங்கள் கிளிநொச்சியில், கண்டி வீதியோரம் ஒரு வாகன ரயர் கடைக்கு மேல்மாடியில் சேர்ந்து வேலை செய்கிறவர்கள். தொலைபேசிச் செயலிகள் எழுதுவது தொழில். அவள் முல்லைத்தீவுக் கடற்கரைப் பிள்ளை. வவுனியாவில் பல்கலைக்கழகம் படித்துவிட்டு வந்தவள். நான் விசுவமடுவில் ஃபோன் திருத்தும் கடை வைத்திருந்து, காணொளிகளைப் பார்த்துப் பார்த்து இந்தத் தொழிலுக்குள் இறங்கியவன். "நான் முன்வாசலால வந்தனான், நீங்கள் குசினிப் பக்கத்தால வந்தனீங்கள். ரெண்டு பேருக்கும் இருக்கிறதுக்குக் கிடைச்சது கால் ஆடுற கதிரைதான்" என்பாள். இப்படியான வசனங்களுக்காகவே எனக்கு அவளோடு வேலை செய்யப் பிடிக்கும். ஆட்கள் யோசிக்காமல் சொல்லிவிட்டுப் போகிற வசனங்களில் எனக்கு அப்படி ஒரு ஆசை. நல்ல வசனம் ஒன்று காதில் விழுந்தால் அன்று முழுக்க அதைச் சப்பிக்கொண்டு திரிவேன்.

அன்றைக்குக் காலையிலேயே ஒன்று கிடைத்தது. அறிவித்தபடி எட்டு மணிக்குக் கரண்ட் போனது. பின்னேரம்வரை வராது. கீழே ரயர் கடைக்காரர் மாடிப்படியடியில் வந்து நின்று, "மேல இருக்கிறவை எல்லாரும் இனி மனிசரோட கதையுங்கோ!" என்று சத்தம்போட்டார்.

கதைத்தோம். கதைத்ததுதான் பிழையாய்ப் போனது.

தங்கச்சியின் கணினி மேசைக் கணினி. கரண்ட் இல்லாவிட்டால் அது வெறும் பெட்டி. அதனால் என்னுடைய மடிக்கணினியில், என்னுடைய மேசையில் உட்கார்ந்து அவள் வேலையைத் தொடங்கினாள். வேலையைத் தள்ளிப்போட வழியில்லை. அன்று நாலு மணிக்கு அவளுடைய ஊர் மீனவர் சங்கத்துக்கு அதைக் கொண்டுபோய்க் காட்டவேண்டும்.

செயலி சின்னதுதான். ஐஸ் லொறி எங்கே வருகிறது, மீன் சேர்க்கிற கரையோரக் கொட்டில்களான வாடிகளில் எதில் எவ்வளவு ஐஸ் மிச்சம் இருக்கிறது, யாருக்கு வேண்டும் என்பதைக் கரையில் நிற்கிறவர்கள் ஃபோனில் பார்க்கலாம். முன்பு ஒருதடவை அதைக் கொண்டுபோய்க் காட்டியிருந்தாள். பொத்தான்களில் எல்லாம் 'பனிக்கட்டிக் கையிருப்பு', 'வாகன வருகை நேரம்', 'கோரிக்கையைச் சமர்ப்பிக்க' என்று பாடப்புத்தகம் போல எழுதியிருந்தது. சங்கத்தில் அவளுக்குச் சித்தப்பா முறையான ஒருவர் ஃபோனை வெயிலில் தூக்கிப் பிடித்து, எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு, "பிள்ளை, இதை வாசிச்சு முடிக்கிறதுக்குள்ள ஐஸ் கரைஞ்சிடும்" என்றாராம். சங்கமே சிரித்தது. அவளுடைய அப்பாவும் அங்கேதான் இருந்தார், அவர் சிரிக்கவில்லை. அதுதான் தனக்குப் பொறுக்கவில்லை என்று சொன்னாள்.

பிறகு அப்பா ஒவ்வொருவராகப் பிடித்து, இன்னுமொரு தரம் பார்க்கச் சம்மதிக்க வைத்திருந்தார். "இந்த முறை சரிவராட்டி அவை விட்டிடுவினம் அண்ணை. பிறகு அப்பா சங்கத்தில வாய் திறக்க ஏலாது. ஆரும் ஒண்டு கேட்டா, 'உன்ரை மகளின்ரை ஃபோன் என்ன சொல்லுது' எண்டுதான் பகிடி பண்ணுவினம்."

ஆகவே அன்று காலை முழுக்க அவள் செய்தது ஒரே வேலை. புத்தகச் சொற்களை ஒவ்வொன்றாகத் தூக்கிவிட்டு, கரையில் சொல்கிற மாதிரி எழுதினாள். 'ஐஸ் கிடக்கு.' 'ஐஸ் முடிஞ்சுது.' 'லொறி வருது.' 'எனக்கும் வை.' ஒவ்வொரு திரையாக எழுதி, வாய்விட்டு வாசித்து, தலையை ஆட்டி, திரும்ப எழுதினாள். இடையிடையே பொத்தானுக்குள் எழுத்து அடங்குகிறதா என்று பார்க்க, வாயில் வந்த நீளமான சொல்லைப் போட்டுப் பார்ப்பது அவள் வழக்கம். அன்று வாயில் வந்த சொல் கத்தரிக்காய். ஒரு இடத்தில் கத்தரிக்காய், இன்னொரு இடத்தில் கத்தரிக்காய் கத்தரிக்காய் என்று போட்டுவிட்டு, பிறகு எடுப்போம் என்று நகர்ந்துவிட்டாள்.

மதியம் பார்சல் எடுத்துக்கொண்டு வந்தேன். தங்கச்சி ஒரு வாய் வைத்துவிட்டு, "இந்த மீன் கடலைக் கண்டு கனகாலம் அண்ணை" என்றாள். ஆனாலும் சாப்பிட்டாள். கையில் குழம்பு. திரையில் மிச்ச வேலை. கத்தரிக்காய்களைப் பொறுக்கி எடுத்துவிட்டு, நல்லதைச் சேமித்து, ஃபோனில் ஏற்றிக்கொண்டு புறப்படவேண்டும். முதலில் துப்பரவு, பிறகு சேமிப்பு என்பது அவளுடைய ஒழுங்கு. குப்பையோடு எதையும் சேமிக்கமாட்டாள்.

"நீர் சாப்பிடும். நான் வாசிக்கிறன், நீர் சொல்லும்" என்றேன்.

இங்கே அந்தக் கருவியைப் பற்றிச் சொல்லவேண்டும். எங்களைப் போல எழுதுகிறவர்கள் எல்லோரும் வைத்திருப்பதுதான். எழுதியதன் ஒவ்வொரு நிலையையும் அது பத்திரமாக வைத்திருக்கும். படம், பொத்தான் ஒன்றும் இல்லை; கறுப்புத் திரையில் கட்டளையைத் தட்டினால் வேலை செய்யும். கடைசியாகச் சேமித்த நிலைக்கு அதில் ஒரு முழுப்பெயர் உண்டு. ஆங்கிலத்தில் தலை என்று பொருள்படுகிற நான்கு எழுத்து. அதற்கு ஒரு குறுக்குப் பெயரும் உண்டு. மின்னஞ்சல் முகவரிக்கு நடுவில் வருமே, அந்தச் சுழி. முழுப்பெயருக்குப் பதில் @ என்று ஒரு தட்டு தட்டினால் போதும்.

நான் எப்போதும் சுழிதான். எங்கள் பக்கத்தில் யார் முழுப்பெயரில் வாழ்கிறார்கள்? அடையாள அட்டையில் ஒரு பெயர் இருக்கும், வீட்டில் ஒரு பெயர் இருக்கும். வீட்டுப் பெயரைச் சொல்லிக் கேட்டால்தான் சந்து ஒழுங்கைகளில் வழி காட்டுவார்கள். தங்கச்சி அதற்கு மறுபக்கம். கன்னியாஸ்திரிமாரின் பள்ளிக்கூடத்தில் படித்தவள்; கணினியோடும் முழுப்பெயர் சொல்லித்தான் கதைப்பாள்.

என் மேசை, என் விரல். சுழியைப் போட்டேன்.

நாங்கள் கேட்டது இதுதான், தங்கச்சி வழக்கமாகப் போடுகிற, எனக்குப் புதிதான ஒரு கட்டளை. கடைசியாகச் சேமித்த நிலையையும் இப்போதிருப்பதையும் ஒப்பிட்டு, வித்தியாசங்களைத் துண்டு துண்டாக எடுத்துக் காட்டு; ஒவ்வொன்றையும் என்ன செய்வது என்று எங்களிடம் கேள். கருவி ஒவ்வொரு துண்டாகக் காட்டி ஆங்கிலத்தில் ஒரு கேள்வி கேட்டது. நான் தமிழில் சொன்னேன்.

"'ஐஸ் முடிஞ்சுது' எண்டு இருக்கிற துண்டு. பொருத்தவா எண்டு கேக்குது."

"ஓம், பொருத்துங்கோ."

"'கத்தரிக்காய்' துண்டு. பொருத்தவா?"

"ஐயோ, வேண்டாம்."

"'லொறி வருது.' பொருத்தவா?"

"ஓம், ஓம்." ஒரு மிளகாயைக் கடித்துவிட்டுத் தண்ணீரைத் தேடினாள். "அண்ணை, உங்கட மெஷின் நல்ல குணம். என்ரை மெஷின் இந்த இடத்தில 'கைவிடவா, கைவிடவா' எண்டுதான் மிரட்டிக்கொண்டு நிக்கும். உங்கட அமைதியாப் 'பொருத்தவா' எண்டு கேக்குது."

"வளர்ப்பு அப்பிடி" என்றேன் பெருமையாக.

அந்த இடத்தில் இரண்டு பேரும் நின்றிருக்கவேண்டும். நிற்கவில்லை. மின்கலத்தை மிச்சம் பிடிக்கத் திரையை மங்கலாக்கி வைத்திருந்தோம். போகிற வரிக்குச் சிவப்பு, வருகிற வரிக்குப் பச்சை; எது எது என்று தெரியாது. நிறம் தெரிந்திருந்தாலும் பிடிபட்டிருக்கும். நான் பாட்டுக்கு வாசித்தேன், அவள் பாட்டுக்கு ஓம் சொன்னாள். முடிந்ததும் செயலியை ஃபோனில் ஏற்றி, அவளுடைய இடது கையில் கொடுத்தேன்.

முதல் திரையில் 'பனிக்கட்டிக் கையிருப்பு' என்று இருந்தது.

அடுத்த திரையில் 'கோரிக்கையைச் சமர்ப்பிக்க.' அதற்கு அடுத்ததில், பெரிய எழுத்தில், பொத்தான் நிறைய, 'கத்தரிக்காய் கத்தரிக்காய்.'

"மாதாவே!" என்றாள்.

கரையின் சொற்கள் எல்லாம் போய்விட்டிருந்தன. கத்தரிக்காய்கள் மட்டும் ஒன்றும் குறையாமல் இருந்தன. எழுதப் பயன்படுத்திய மென்பொருளையும் மின்கலத்துக்காக மூடிவிட்டோம். ஒவ்வொரு படியாகப் பின்னால் போகவும் வழியில்லை. சேமிக்காததை இந்தக் கருவி திருப்பித் தராது. அது யாருக்கும் தராது.

கீழே யாரோ ஒரு ரயரை நிலத்தில் அடித்து அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு தங்கச்சி, "அதே கட்டளையை முழுப்பேர் போட்டு அடியுங்கோ" என்றாள். அடித்தேன். மிச்சமாக நின்ற முதல் கத்தரிக்காயைக் காட்டி, கருவி கேட்டது: "இந்தத் துண்டைக் கைவிடவா?" அதிலிருந்து வெளியேறி, சுழியைப் போட்டு அடித்தேன். அதே கத்தரிக்காய். கேள்வி வேறு: "இந்தத் துண்டைப் பொருத்தவா?"

எனக்கு விளங்க நேரம் எடுத்தது. தங்கச்சிதான் சோற்றுக் கையாலேயே காற்றில் படம் போட்டுக் காட்டினாள்.

"வீட்டு முன் முத்தத்தில ஒரு மாடு நிக்குது எண்டு வையுங்கோ. முழுப்பேர் சொல்லிக் கூப்பிட்டா அது நேராக் கேக்குது, 'மாட்டைத் துரத்தவா?' ஓம் எண்டா மாடு போயிடும். வீட்டுப்பேர் சொல்லிக் கூப்பிட்டா, 'மாடில்லாத முத்தம் ஒண்டு இருக்கு, அதைப் பொருத்தவா?' எண்டு கேக்குது. அதுக்கும் ஓம் எண்டா மாடு போயிடும். நாங்கள் மாட்டைப் பொருத்தச் சொன்னம் எண்டு நினைச்சு ஓம் போட்டம்."

"அப்ப வாசிக்காமல், வழக்கம் மாதிரி பதில் சொல்லியிருந்தா..."

"தப்பியிருப்பம். என்ரை மெஷினில நான் கேள்வியைப் பாக்கிறதே இல்லை. குப்பைக்கு ஓம், நல்லதுக்கு இல்லை. கை தானாப் போகும். இண்டைக்குத்தான் ஒழுங்கா வாசிச்சுக் கேட்டுச் செய்தனாங்கள்." அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "வாசிச்சது நீங்கள், ஓம் போட்டது நான், மாறிக் கேட்டது அது. ஆரைப் பிடிக்கிறது?"

இதைப் பிறகு ஒருநாள் தேடிப் பார்த்தேன். கருவியைச் செய்கிறவர்களே இந்தக் கோணலைக் கண்டு, திருத்தி வைத்திருந்தார்கள். புதிய பதிப்பில் சுழியைப் போட்டாலும் முழுப்பெயரைப் போட்டாலும் ஒரே கேள்விதான். நான்தான் ஃபோன் டேட்டா போய்விடும் என்று பழையதையே வைத்திருந்தேன். திருத்தம் என்று பார்த்தால் மிகச் சின்னது. உள்ளே ஒரு இடத்தில் முழுப்பெயரை மட்டும் பார்த்து ஆளை அடையாளம் கண்டிருக்கிறது; வீட்டுப்பெயரில் வந்தவரை யாரோ வெளியூர் ஆள் என்று எண்ணி, வேறு விதமாக வரவேற்றிருக்கிறது. இதை எழுதியவருக்கு எங்கள் ஒழுங்கைகளில் ஒரு வாரம் தபால் கொடுத்த அனுபவம் இருந்திருந்தால் இந்தப் பிழை வந்திருக்காது என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் அன்று மதியம் இது ஒன்றும் தெரியாது. தெரிந்தது நாலு மணி மட்டும்தான்.

"நீர் சொல்லும், நான் திரும்ப அடிக்கிறன். எழுதினது ஞாபகம் இருக்குத்தானே?" என்றேன்.

"என்ன எழுதினனான் எண்டு ஞாபகம் இருக்கு அண்ணை. ஏன் அப்பிடி எழுதினனான் எண்டுதான் ஞாபகம் இல்லை. காலைமை சரியா இருந்த சொல்லு இப்ப வாயில வைக்க வேற மாதிரி இருக்கு."

இது ஒரு நல்ல வசனம் என்று மனதுக்குள் எடுத்து வைத்துக்கொண்டேன். அந்த நேரத்தில் அதைச் சொல்லிக் காட்டினால் பார்சல் என் தலையில் விழுந்திருக்கும்.

அப்போதுதான் அவள் என்னைப் பார்த்து அந்தக் கேள்வியைக் கேட்டாள். வீட்டுப்பெயர் சொல்லிக் கூப்பிட்டால் ஒரு பக்கமும், பள்ளிக்கூடப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் மற்றப் பக்கமும் திரும்புகிற ஆளை எங்கேயாவது கண்டீர்களா என்று. நான், "கண்டதில்லை" என்றேன்.

அவள் எழுந்து போய்க் கையைக் கழுவினாள். பாவாடையில் துடைத்தாள். ஃபோனை எடுத்து அப்பாவுக்கு அடித்து, மேசையில் வைத்து, ஒலிபெருக்கியைப் போட்டாள்.

அந்தப் பக்கம் காற்றும் சத்தமும். சங்கக் கட்டடத்தில் ஆட்கள் கூடத் தொடங்கிவிட்டார்கள் போல.

"எங்கை பிள்ளை நிக்கிறாய்?" என்றார் அப்பா. குரலைத் தாழ்த்தினார். "இவை கிழிஞ்ச வலை பொத்தப் போகவேணும் எண்டு நிக்கினம். நாலு மணிமட்டும் பிடிச்சு வைக்கிறது கஷ்டமடி."

"அப்பா, எல்லாருக்கும் கேக்கிற மாதிரிப் போடுங்கோ. ஒண்டு கேக்கவேணும்."

"என்னத்தை?"

"போடுங்கோவன்."

போட்டார். தங்கச்சி என் பக்கம் திரும்பி, அடி என்பது போல விரலை ஆட்டினாள். நான் மடிக்கணினியை இழுத்துக்கொண்டேன்.

"எல்லாரும் கேளுங்கோ. வாடியில ஐஸ் முடிஞ்சா அடுத்த வாடிக்கு நீங்கள் என்னெண்டு சொல்லுவியள்?"

அந்தப் பக்கம் ஒரு குரல், முன்பு சிரித்த அந்தச் சித்தப்பாவேதான்: "இதென்ன சோதனையோ? ஐஸ் முடிஞ்சுது, கருவாடு போடு எண்டுதான் சொல்லுவம்!"

எல்லோரும் சிரித்தார்கள். தங்கச்சி சிரிக்கவில்லை. "அப்பிடியே அடியுங்கோ அண்ணை" என்றாள் மெதுவாக. அடித்தேன். 'ஐஸ் முடிஞ்சுது. கருவாடு போடு.'

"லொறி நேரத்துக்கு வராட்டி?"

"லொறி பிந்தும்" என்றார் ஒருவர்.

"பிந்தும் எண்டு ஆர் சொல்லுறது? லொறி சுணங்கும்."

"நீ எந்தக் கரையில இருக்கிறாய்? அவன் ரயரைக் கழட்டிக்கொண்டு நிக்கிறான் எண்டு சொல்லு!"

தங்கள் தங்கள் வாடியில் எப்படிச் சொல்வது என்று அவர்கள் சண்டை பிடிக்கத் தொடங்கினார்கள். சிலது அச்சில் போட முடியாதது, அடித்துவிட்டு அழித்தேன். அப்பாவின் குரல் அதற்குள் மேலே வந்தது. "சத்தம் போடாதையுங்கோ, பிள்ளை எழுதுறாள்" என்றார். எழுதியது நான்தான். ஆனால் அந்தக் குரலைத் திருத்த எனக்கு மனம் வரவில்லை.

ஒவ்வொரு திரையாகப் போனாள். கடைசிப் பொத்தானுக்கு வந்ததும் கொஞ்சம் தயங்கினாள். "இதில இப்ப கத்தரிக்காய் எண்டு கிடக்கு" என்று உண்மையைச் சொன்னாள்.

"அதென்ன, ஐஸோட மரக்கறியும் குடுக்கிறியளோ?" என்றார் சித்தப்பா. அந்தப் பக்கம் யாரோ மேசையில் தட்டித் தட்டிச் சிரிப்பது கேட்டது. "அதை விடு. நான் சொன்ன கருவாடு அதுக்குள்ள வருமோ?"

"நாலு மணிக்கு வரேக்க இருக்கும்."

"முதல் பக்கத்தில வரவேணும்."

"ஐஸ் முடிஞ்சாத்தான் வரும், சித்தப்பா."

"அப்ப முடியட்டும். நான் நிண்டு பாத்திட்டுத்தான் போவன். வலை எங்கையும் ஓடாது." கொஞ்சம் தள்ளி மற்றவர்களிடம், "இருங்கோடா, இருங்கோ, இது எங்கட சாமான்" என்றார்.

அப்பா "கவனமா வா" என்று மட்டும் சொல்லி வைத்தார். அந்தக் கரையில் ஐஸ் முடிகிற நாட்களில் இன்றைக்கும் அந்த வசனம்தான் திரையில் வருகிறது. சித்தப்பா அதை வருகிற போகிறவர்களுக்கு எல்லாம் காட்டுகிறாராம்.

ஃபோனை வைத்ததும் நான் வழக்கம்போல, "இனி அந்தக் கத்தரிக்காயளைப் பொறுக்குவமோ?" என்றேன்.

தங்கச்சி என்னைக் கதிரையோடு ஒரு பக்கம் தள்ளினாள். கால் ஆடுகிற அந்தக் கதிரை சிணுங்கியது. அவள் நின்றபடியே குனிந்து, கத்தரிக்காய், கருவாடு, எல்லாவற்றையும் அப்படியே குப்பையோடு சேர்த்துச் சேமித்தாள். சேமித்தது சேமித்ததுதானா என்று இன்னொரு தரம் கேட்டுப் பார்த்தாள், முழுப்பெயர் போட்டு, நான்கு எழுத்தையும் ஒவ்வொன்றாக வாய்க்குள் சொல்லிக்கொண்டு. அதற்குப் பிறகுதான் கத்தரிக்காய்களைப் பொறுக்கி, ஃபோனில் ஏற்றிவிட்டு, குனிந்து மேசைக்குக் கீழே செருப்பைத் தேடினாள்.